நாற்பத்தெட்டுத் தறி, நாற்பத்தெட்டு நெசவாளர்

1. பிஸ்கட் கம்பெனி

"விடைய போர்டுல எழுதிப் போட்டுடுங்க சார். நோட்டுல எழுதிக்கினு போயிடுறோம்."

என் முதல் கேஸ் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். சொன்னவர் ஆரணிப் பக்கத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் செகரட்டரி. மரியாதையாகத்தான் சொன்னார். பேனா மூடியைக்கூடத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை மாடியில் நடந்த கூட்டுறவுப் பயிற்சி நிலையத்தில் நான் விரிவுரையாளர். சுற்றுவட்டாரத்துச் சங்கங்களிலிருந்து இருபது, இருபத்திரண்டு செகரட்டரிகள் வந்து மூன்று மாதம் படிப்பார்கள். வார நாளில் எங்களிடம் இருப்பார்கள், சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவார்கள். நான் சொல்வேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை, நானும்தான்.

அப்படி நிம்மதியாக இருந்தவனை ஆறு வாரப் பயிற்சிக்கு வடக்கே ஒரு பெரிய ஊருக்கு அனுப்பிக் கெடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு புரொபசர். கையில் புத்தகம் இல்லாமல் வருவார், மேஜை மேல் ஏறி உட்காருவார். ஒரு கம்பெனியின் கதையை முதல் நாளே அச்சடித்துக் கொடுத்திருப்பார். அதற்குப் பெயர் கேஸ். கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று மார்க்கெட் மாறிவிடும். பழைய சரக்கையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, கம்பெனியையே தலைகீழாக மாற்றுவதா? "நீங்கள் அந்த மேனேஜராக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று யாரையாவது கைகாட்டிக் கேட்பார். ஒன்றரை மணி நேரம் நாங்கள் அடித்துக்கொள்வோம். பெல் அடித்ததும் விடை சொல்லாமல் எழுந்து போய்விடுவார். எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. இனி வகுப்பு எடுத்தால் இப்படித்தான் எடுப்பது என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் அங்கே கொடுத்த ஒரு பிஸ்கட் கம்பெனி கேஸைத் தமிழில் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் ஓட்டி, எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். மறுநாள் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தேன். மேஜைக்கு ஒரு கால் குட்டை என்பது அப்போதுதான் தெரிந்தது. சமாளித்து உட்கார்ந்துகொண்டு கேள்வியைக் கேட்டேன். ஆரணிக்காரர் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

"விடை கிடையாதுங்க. நீங்கதான் சொல்லணும். நீங்க மேனேஜரா இருந்தா என்ன செய்வீங்க?" என்று விடாமல் கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "மேலிடத்துக்கு எழுதிக் கேப்பேன் சார்."

இருபத்தொரு பேரும் அதையே ஆமோதித்தார்கள். ஒருவர் மட்டும், எழுதும்போது ரிஜிஸ்தர் தபாலில் எழுத வேண்டும் என்று ஒரு திருத்தம் சொன்னார். அத்துடன் பிஸ்கட் கம்பெனி முடிந்தது.

2. பெயர் மாற்றினேன், கரையை மாற்றவில்லை

அன்று சாயந்திரம் நான் சைக்கிளை எடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் ஏழுமலை. தாமல் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் செகரட்டரி. வகுப்பில் வாயே திறக்காதவர்.

"சார், பிஸ்கட் கத நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்களுக்கு பிஸ்கட்டப் பத்தி இன்னா சார் தெரியும்? எங்க சங்கத்துக் கதைய எழுதுறீங்களா? அதுவும் அதே மாதிரிதான் முட்டிக்கினு நிக்குது."

அவருடைய சங்கத்தில் நாற்பத்தெட்டுத் தறி. எல்லாம் பருத்திச் சேலை. மூன்று வருடம் முன்புவரை அந்தச் சேலை கிராமத்துச் சந்தைகளில் நின்ற இடத்தில் விற்றது. பிறகு நைலக்ஸ் சேலை வந்தது. துவைத்துப் போட்டால் அரை மணியில் காய்கிறது, இஸ்திரி வேண்டாம், பூப்பூவாக இருக்கிறது. பெண்கள் அதற்குப் போய்விட்டார்கள். சங்கத்துக் குடோனில் சேலைக்கட்டு கூரையைத் தொட்டது. பங்குனி முடிவதற்குள் வழி பாருங்கள், இல்லாவிட்டால் சங்கத்தைக் கலைத்து டவுனில் உள்ள பெரிய சங்கத்தோடு சேர்த்துவிடுவோம் என்று இலாகா சொல்லிவிட்டது. அப்படிச் சேர்த்தால் டவுனுக்கு வந்து நெய்ய முடிந்தவர்களுக்குத்தான் தறியில் ஏற்றும் பாவு நூல் கிடைக்கும். மற்றவர்கள் தறியைப் பிரித்து அடுக்கிவிட்டுக் கல் உடைக்கப் போக வேண்டியதுதான்.

"பட்டுக்கு மாறிடலாம்னு நான் சொல்றேன். தலைவரு தருமலிங்கம் ஒரே பிடியா வேணாம்ங்கறாரு. நான் தைரியமா எதுவும் பேச முடியல சார். நாளைக்கு தப்பாயிட்டா நாப்பத்தெட்டு குடும்பமும் என் மேல வந்து வுழும்" என்றார் ஏழுமலை. பிறகு, "ஆனா பேரு வேணாம் சார். எல்லாரும் தெரிஞ்சவங்க" என்றார்.

நான் அந்தச் சனிக்கிழமையே சைக்கிளில் போனேன். சங்கத்து ஆபீசில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன். தலைவரை அவர் வீட்டில் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கம்பீரமான மனிதர். "பட்டு நமக்கு வராதுபா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பதினோரு வீட்டுக்குப் போய்த் தறிக் குழியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேள்வி கேட்டேன். வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது சைக்கிள் மிதிக்க முடியாத அளவுக்கு வயிறு நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். சங்கத்துக்குப் பூஞ்சோலை என்று பெயர் வைத்தேன். ஏழுமலை 'திரு. கண்ணன்' ஆனார். தலைவரைப் பற்றி, 'தலைவர்: மாற்றத்தை எதிர்க்கிறார்' என்று ஒரே வரி. கடைசிப் பக்கத்தில் பிஸ்கட் கேஸில் இருந்தது போலவே ஒரு பட்டியல்: தறிகள் 48, நெசவாளர்கள் 48. கதை உயிரோடு இருக்க வேண்டுமே என்று அவர்கள் நெய்யும் சேலையையும் வர்ணித்தேன். பாக்குக் கலர் உடம்பு, மாம்பழக் கலர் கரை, கரையில் ருத்ராட்சம், அதற்கு இரண்டு பக்கமும் இரட்டைக் கம்பி.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பிரதிகளைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"ஏழுமல, இது உன் சங்கம் இல்ல?"

"ருத்ராட்சத்துக்கு ரெண்டு பக்கமும் ரெட்டக் கம்பி வேற எவன்பா போடுறான்?" என்றார் இன்னொருவர்.

பேரை மாற்றுகிறவன் கரையை மாற்ற வேண்டாமா? நெசவாளிகளிடம் போய்ச் சேலையை வர்ணித்துவிட்டு ஊரை மறைக்கப் பார்த்தேன். முகத்தைக் காட்டிவிட்டுப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிற கதை. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லையே என்று எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஆனால் வகுப்பு பற்றிக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு வந்த வகுப்பு அது. ஒருவர்கூடத் தூங்கவில்லை.

போர்டில் மூன்று பத்தி போட்டேன். பருத்தியிலேயே டிசைன் மாற்றிப் பார்ப்பது, பெரிய சங்கத்தோடு சேருவது, பட்டுக்கு மாறுவது. அரை மணியில் முதல் இரண்டும் அடிபட்டன. பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சங்கம் நடத்தும் சுப்பராயலு எழுந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வகுப்பில் தமிழிலேயே போதுமான அளவு சண்டை போடுவார்.

"ஏமண்டி ஏழுமல, பட்டுன்னு எறங்கிட்டா கோர்வைதான். சாதாப் பட்டு எல்லா ஊர்லயும் நெய்யுறான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல குந்திக்கினு கோர்வை இல்லாத சேல குடுத்தா எவன் வாங்குவான்?"

கோர்வை என்றால் சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோர்த்து நெய்வது. நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். ஒரு ஆளால் முடியாது. நெய்பவர் ஒரு பக்கம் இருக்க, எதிர்க்கரை நாடாவை வாங்கித் தள்ள இரண்டாவது ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும்.

"ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?" என்று ஆரணிக்காரர் கேட்டார்.

"வூட்ல இருக்காங்களே" என்றார் சுப்பராயலு.

அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. நான் போர்டில் 'ஆள்: பிரச்சினை இல்லை' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். பெல் அடிக்கும் நேரத்தில் ஏழுமலை எழுந்து நின்றார். "பட்டுதான் சார். கோர்வைதான். அடுத்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு பொதுக்குழு. நான் பேசிடுறேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் சத்தம் கேட்டு பிரின்சிபால் எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார். கேஸ் மெத்தட் சார் என்றேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு தோசை கூடுதலாகவே இறங்கியது.

3. இதை எழுதினவரு யாரு

அடுத்த திங்கட்கிழமை ஏழுமலை வகுப்புக்கு வரவில்லை. பத்து மணி சுமாருக்கு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் சுருட்டிய தாள்.

"யாரம்மா வேணும்?"

"நான் ஏழுமல சம்சாரம், பச்சையம்மா."

"ஏழுமலைக்கு உடம்பு ஏதாவது…"

"அவருக்கு ஒண்ணும் இல்ல சார். அங்க எல்லா வூட்லயும் சண்ட. அதனால வரல." தாளை விரித்தார். என் கேஸ். "இத எழுதினவரு யாரு சார்?"

நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"கடைசிப் பக்கத்துல நாப்பத்தெட்டு தறி, நாப்பத்தெட்டு நெசவாளின்னு போட்டுக்கிறீங்க. மீதிப் பேரு நாங்கல்லாம் எங்க போனோம்?"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. உள்ளே வரச் சொன்னேன். வந்தார், பெஞ்சில் உட்காரவில்லை. போர்டு பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"நூலு வந்தா பிரிச்சு கஞ்சி போடுறது நாங்க. தார் சுத்துறது நாங்க. பழைய பாவு தீர்ந்தா புதுப் பாவு பிணைக்கிறதும் நாங்கதான். அவரு குழில எறங்கி உக்காந்து நெய்யுறாரு, அத மட்டும் நீங்க எண்ணிக்கிறீங்க. எண்ணிக்கினு போங்க, அது பெரிசில்ல. இப்போ கோர்வைன்னு முடிவு பண்ணிட்டு வந்துக்கிறாரு. எதிர்ப்பக்கம் யாரு குந்துறது? நான் குந்துனா தார் யாரு சுத்துறது? தார் இல்லாம நாடால இன்னா வெச்சு ஓட்டுவீங்க?"

நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்தான் தார். அது தீர்ந்தால் தறி நின்றுவிடும். இது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அதெல்லாம் வூட்டுக்குள்ள பாத்துக்கலாம்மா" என்றார் ஆரணிக்காரர், சமாதானமாக.

"உங்க வூட்ல யாரு பாத்துக்கறாங்க?"

ஆரணிக்காரர் மூடி திறந்த பேனாவைத் தேட ஆரம்பித்தார். சுப்பராயலுதான் மெதுவாகச் சொன்னார். "எங்க வூட்ல நான், சம்சாரம், தம்பி சம்சாரம், மூணு பேரு. மூணு பேரு இருந்தாதான் கோர்வைத் தறி ஓடும். சரே, அந்தம்மா சொல்றது நெஜந்தான்."

இதை அவர் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியவன் நான், 'பிரச்சினை இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்தேனே, அந்தப் பதினோரு வீட்டுப் பெண்களும் தார் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்துதான் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை.

தப்பை உடனே திருத்திக்கொள்கிறவன் என்று காட்டிக்கொள்ள ஒரு ஆசை. சாக்பீஸை எடுத்து, போர்டில் 48 என்று எழுதி அதை அடித்தேன். "சரிம்மா, வீட்டுக்கு ரெண்டு பேர். தொண்ணூற்றாறுன்னு போட்டுடுவோம்" என்றேன்.

"நூத்திப் பதினேழு சார். வாசல் வாசலா போய் எண்ணிட்டுதான் வந்தேன்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு வழியும் இல்லை. 117 என்று எழுதிவிட்டு, என் புரொபசரை நினைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அம்மா, இந்தச் சங்கத்துக்கு நீங்க செகரட்டரியா இருந்தா என்ன செய்வீங்க?"

பச்சையம்மாள் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போ எப்படி சார் சொல்றது? அங்க இருக்கறவங்கள கேட்டாத்தான் சொல்ல முடியும். கேட்டுட்டு ஞாயித்துக்கெழம சொல்றேன்."

இருபத்திரண்டு செகரட்டரிகள், ஒரு விரிவுரையாளர், ஆறு பக்கம் கேஸ். எங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். நானும் மிச்ச வகுப்பை விட்டுவிட்டேன்.

4. பொதுக்குழு

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் பொதுக்குழு. ஏழுமலை என்னைப் பார்வையாளராகக் கூப்பிட்டிருந்தார். அவர் முகம் வற்றிப்போயிருந்தது. இலாகா கொடுத்த கெடுவுக்குள் இன்னொரு பொதுக்குழு கூட்ட நேரம் இல்லை. அன்றைக்குத் தீர்மானம் ஆகவில்லை என்றால் சங்கம் இல்லை.

உறுப்பினர்கள் நாற்பத்தெட்டு பேரும் வந்துவிட்டார்கள். தலைவர் தருமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது தெருப் பக்கமிருந்து பெண்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள். நான் எண்ணவில்லை, எண்ணுகிற தைரியம் எனக்குப் போய்விட்டது. வராந்தாவுக்கு வெளியேயும் கூட்டம் நின்றது என்று மட்டும் சொல்லலாம்.

ஏழுமலை தீர்மானத்தைப் படித்தார். பச்சையம்மாள் முன்னால் வந்தார்.

"நாங்க பேசி வெச்சுட்டோம். மொதல்ல பன்னெண்டு தறி மட்டும் கோர்வைக்குப் போவட்டும். அந்தப் பன்னெண்டு வூட்டுக்கும் தார் சுத்துறத, தறில குந்த முடியாத அம்மாங்க நாலு பேரு ஒரே எடத்துல பாத்துக்கறாங்க. மத்த தறிங்க அதுவரைக்கும் பருத்திலயே இருக்கட்டும். இது ஓடிச்சுன்னா அடுத்த பன்னெண்டு. ஆனா ஒண்ணு. ரெண்டு பேரு குந்துற தறில ஒருத்தரு பேரு மட்டும் சங்கத்துல இருக்கறது சரியில்ல. எங்க பேரும் இருக்கணும். இல்லன்னா எதிர்ப்பக்கம் குந்த மாட்டோம்."

நான் பயிற்சியில் படித்த கேஸ் எதிலும் இவ்வளவு ஒழுங்கான ஒரு திட்டத்தைப் பார்த்ததில்லை. ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது என்னை அல்லவா என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"மெம்பருங்கதான்மா பேசணும்" என்றார் தலைவர்.

"அப்போ மெம்பர் ஆக்கிடுங்க, பேசுறோம்."

சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. "தறிக்கு ஒரு மெம்பரு. அதுதான் ரூலு."

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான ரூலு பாடம் நடத்துறவரு? அப்படியா எழுதி இருக்குது?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சங்கத் துணை விதிகளைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறவன், தூக்கத்திலும் ஒப்பிப்பேன். உறுப்பினர் தகுதி விதியை அப்படியே ஒப்பித்தேன். "பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். சங்க எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். நெசவுத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். தொழில் தெரியும் என்பதை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் பொதுக்குழுவில் சொல்ல வேண்டும்." அவ்வளவுதான் விதி. தறிக்கு ஒருவர் என்று எங்குமே இல்லை. ஆண் என்றும் இல்லை. பத்து வருடம் நான் படித்தேன், எழுதிப் போட்டேன், பரீட்சையில் கேள்வி கேட்டேன், மார்க் போட்டேன். அதில் என்ன இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. தலைவர் விடவில்லை. "சரி. தொழில் தெரியும்னு ஒரு மெம்பர் சொல்லணும்னு இருக்குது இல்ல? இவங்களுக்குத் தொழில் தெரியும்னு இங்க யாரு சொல்றது?"

யாரும் எழ மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அவர் கேட்டிருப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குள் ஆயிரம் நடக்கும். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, என் சம்சாரம் இல்லாவிட்டால் என் தறி ஓடாது என்று சொல்வது அந்த ஊரில் யாரும் செய்கிற காரியம் இல்லை. சொன்னவனை டீக்கடையில் ஆறு மாதம் கிண்டல் செய்வார்கள்.

ஏழுமலை எழுந்தார். தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றேன். எங்கப்பா செத்தப்போ எனக்கு நெய்ய மட்டுந்தான் தெரியும். பாவு பிணைக்கத் தெரியாது. கல்யாணம் ஆயி வந்து இவதான் எனக்குக் கத்துக்குடுத்தா. இத நான் யாராண்டயும் சொன்னதில்ல. பச்சையம்மாளுக்குத் தொழில் தெரியும். எழுதிக்கோங்க."

பச்சையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

பின்னாலிருந்து இன்னொருவர் எழுந்தார். தன் சம்சாரத்தின் பெயரைச் சொன்னார். அடுத்து ஒருவர், தன் அக்காவுக்காக. அதற்கப்புறம் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்துவிட, ஒவ்வொருத்தரா வாங்கப்பா என்று ஏழுமலை கத்த வேண்டியிருந்தது. உதவிக்கு நானும் ஒரு தாளை வாங்கிப் பெயர்களை எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறந்துபோய் உட்கார்ந்திருந்த ஒருவரை அவர் சம்சாரம் சுவரோரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு தருமலிங்கம் மட்டும் பாக்கி. அவர் சம்சாரம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் மனம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். "எனக்குக் கண்ணு மங்கிப்போயி ஏழு வருஷம் ஆவுதுபா. பருத்தி இழைன்னா கைக்கு மட்டுப்படும், தடவிப் பாத்து ஓட்டிடுவேன். கலர் எடுத்து வெக்கிறது, அறுந்த இழைய தேடுறது எல்லாம் அவதான். பட்டு இழை என் கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பட்டுக்கு மாறுனா மொதல்ல நிக்குறது என் தறிதான்." தூண் பக்கம் திரும்பினார். "அவளுக்குத் தெரியும். முனியம்மாள்னு எழுதிக்கோ."

முனியம்மாள் தூணை விட்டுவிட்டு வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

பச்சையம்மாள் சொன்னபடியே திருத்திய தீர்மானம் எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. தீர்மானத்தின் நகல் கெடுவுக்கு முன்பே இலாகாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்களின் விண்ணப்பங்களை டவுனில் ஒரு அதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் விதியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். முதலில் வந்த கோர்வைச் சேலைகளில் கரை சுருங்கியது. சுப்பராயலு நாலு ஞாயிறு அங்கே போய் உட்கார்ந்து, தெலுங்கில் திட்டித் திட்டிச் சரி செய்தார். பன்னிரண்டு தறி, இருபத்துநான்கு ஆயிற்று. சங்கம் கலையவில்லை. தருமலிங்கத்தின் தறியில் முனியம்மாள் குழியில் இறங்கி நெய்தார். எதிர்க்கரை நாடாவைத் தள்ளுவதற்குக் கண் அவ்வளவாக வேண்டியதில்லை என்று தலைவர் கண்டுபிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் எத்தனையோ கேஸ் எழுதினேன், நடத்தினேன். தலைகீழ் மாற்றம், ஸ்ட்ராட்டஜி என்று எந்தப் பெரிய கம்பெனியின் கதையை எடுத்தாலும், எதிர்க்கிறவர்கள் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கும். இன்று வகுப்பெடுக்கும் இளைஞர்களும் அந்தப் பட்டியலைப் போர்டில் எழுதிவிட்டு அடுத்த பாயின்டுக்குப் போவதைப் பார்க்கிறேன். நானும் 'மாற்றத்தை எதிர்க்கிறார்' என்று ஒரு மனிதரைப் பற்றி ஒரே வரியில் எழுதியவன்தான். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் ஐயா என்று அவரிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாரோ, என்னவோ. அவர் வீட்டிலும் நான் மோர் குடித்தேன். கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.